வாக்குவம் பம்ப்: அறுபதைத் தாண்டியவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைத்துக்கொள்பவருக்கு விறைப்புக்கான மாத்திரைகளான சில்டெனாஃபில், தடாலாஃபில் இரண்டுமே ஆகாது. சேர்ந்தால் பி.பி. சட்டென்று சரிந்து ஆளையே சாய்த்துவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலருக்கு மாத்திரை போட்டும் விறைப்பு வராது. வருஷக்கணக்காகச் சுகர் உள்ளவர்களிலும் பலருக்கு இதே நிலைமைதான். ஊசியும் கத்தியும் வேண்டாம் என்றால் இவர்களுக்கு இருக்கும் வழி வாக்குவம் பம்ப். பெய்ரோனி நோயால் உறுப்பு வளைந்தவர்களுக்கு இன்னொரு வகையிலும் இது உதவும். நல்ல சாமான், வாங்கலாம். ஆனால் வாங்க வருகிறவர்கள் விலையையும் மோட்டாரையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வால்வையும் குழாயின் அகலத்தையும்.

பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் தலையில் கை பம்ப் அல்லது பேட்டரி பம்ப், மூன்று நான்கு அளவில் ரிங், ரிங்கைக் குழாய் மேல் ஏற்ற ஒரு கூம்பு, ஒரு டியூப் ஜெல் இருக்கும். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சினால் ரத்தம் உறுப்புக்குள் வரும், அடியில் ரிங் போட்டால் வந்த ரத்தம் நிற்கும். டயர் தொழில் செய்த கெடிங்ஸ் ஆஸ்பன் என்ற அமெரிக்கர் தன் தேவைக்காகச் செய்துகொண்டது இது. 1982-ல் அங்கே மருத்துவச் சாதனமாக அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து அடிப்படை மாறவே இல்லை, எனவே 'புது டெக்னாலஜி' என்று கூடுதல் விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

வால்வு இரண்டு வேலை செய்ய வேண்டும். அளவுக்கு மேல் உறிஞ்சாமல் தடுக்க வேண்டும், பட்டனை அழுத்தியதும் காற்றை உள்ளே விட வேண்டும். மீட்டர் உள்ள மாடலில் 100 முதல் 225 மி.மீ. பாதரசம் வரை போதும். சில மீட்டர்களில் இஞ்ச் கணக்கு இருக்கும், அதில் 4-லிருந்து கிட்டத்தட்ட 9 வரை. முள் 30 வரை ஓடுகிற, தடுப்பு வால்வு இல்லாத பம்பைத் தொடவே கூடாது. கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: குழாயின் வாயில் கொஞ்சம் ஜெல் தடவி உள்ளங்கையில் அழுத்தி வையுங்கள். இரண்டு முறை அடித்துவிட்டு அரை நிமிஷம் முள்ளையே பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு பட்டனை அழுத்தினால் அந்தக் கணமே குழாய் கையை விட்டு வர வேண்டும். ஒட்டிக்கொண்டே மெல்ல விட்டால் அந்தப் பீஸ் வேண்டாம்.

வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் இதைக் கண்ணாடி அலமாரியில் எதிர்பார்க்காதீர்கள். டாக்டர் சீட்டைக் காட்டிக் கேளுங்கள், இல்லாவிட்டால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். ஆன்லைனில் ஆயிரம் சொச்சத்துக்கும் கிடைக்கும், பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும். 'நீளமாக்கும், பருமனாக்கும்' என்று போட்டிருப்பது விளையாட்டுச் சாமான். திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால் வால்வுச் சோதனைக்கும் வழியில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' நோட்டீஸை நம்பி லாட்ஜ் வைத்தியரிடம் போவதற்கு இந்தப் பணம் எவ்வளவோ மேல். அப்படி விற்கும் லேகியம், சூரணங்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சார்பிட்ரேட் வைப்பவருக்கு அது உயிருக்கே உலை.

இனி வளைவு. உறுப்பின் உள்ளுறையில் தழும்பு கெட்டிப்பட்டு, அந்தப் பக்கம் மட்டும் விரியாமல் போவதுதான் பெய்ரோனி. புற்றுநோய் கிடையாது. முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒன்றரை வருஷம் வரை வலியோடு வளைவு கூடும், பிறகு ஒரு நிலையில் நின்றுவிடும். வலி இருக்கும் கட்டத்தில் டாக்டர் சொல்லாமல் பம்பைக் கையில் எடுக்க வேண்டாம். வளைவுக்காகச் செய்யும்போது ரிங் கிடையாது. மெல்ல உறிஞ்சி, தழும்பை இழுத்துக்கொடுப்பது மட்டுமே வேலை. 2010-ல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 10 நிமிஷம் என்று 12 வாரம் செய்தார்கள். 31 பேரில் 21 பேருக்கு 5 முதல் 25 டிகிரி வரை வளைவு குறைந்தது. 7 பேருக்கு மாற்றமில்லை, 3 பேருக்குக் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. 60 டிகிரிக்கு மேல் வளைந்தவர் பம்பை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. தொடங்கும் முன் விறைப்பு நிலையில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான், மூன்று மாதம் கழித்து ஒப்பிடவும் அதுதான் ஆதாரம்.

குழாயின் அகலம் இங்கேதான் முக்கியம். ஒல்லிக் குழாயில் வளைந்த உறுப்பு சுவரில் முட்டி, அந்த இடத்தில் தோல் உரியும். அகலக் குழாய் வாங்கி, வாயைச் சுருக்கும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் விதைப்பைத் தோலும் சேர்ந்து உள்ளே இழுபடும். பெய்ரோனி உள்ளவர்களில் சிலருக்கு கைவிரலும் மடங்கிப்போய் நிமிராது. அவர்களுக்கு மட்டும் பேட்டரி பம்ப், மற்றவர்களுக்குக் கை பம்பே வேகத்தைக் கட்டுப்படுத்த வசதி.

உறவுக்கென்றால், அடிமுடியைக் கத்தரித்துவிட்டு உறுப்பின் அடியிலும் குழாய் வாயிலும் ஜெல் தடவுங்கள். ரிங்கை முன்பே குழாய் மேல் ஏற்றிவிட வேண்டும். உடம்போடு குழாயை அழுத்தி, இரண்டு அடி, சில வினாடி இடைவெளி, மறுபடி இரண்டு அடி. ஒரு நிமிஷத்தில் காற்றை விட்டுவிட்டு மறுபடி மூன்று நான்கு நிமிஷம் செய்தால் விறைப்பு நன்றாக நிற்கும். ரிங்கை அடிக்குத் தள்ளி, பட்டனை அழுத்தி, குழாயை எடுங்கள். ரிங் 30 நிமிஷத்துக்கு மேல் இருக்கவே கூடாது, போட்டபடி தூங்கவும் கூடாது. மறுமுறைக்கு ஒரு மணி நேரம் விடுங்கள். உறுப்பு கொஞ்சம் சில்லென்றும் நீலம் பாரித்தும் இருக்கும், ரிங்குக்குப் பின்னால் உறுதி இல்லாததால் அடியில் ஆடும், விந்து வெளியே வராமல் நிற்கலாம். இதையெல்லாம் மனைவியிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மாதவிடாய் நின்றவருக்கு வறட்சி இருக்கும் என்பதால் அதே ஜெல் அவருக்கும் பயன்படும். வளைவு உள்ளவர் வேகம் காட்ட வேண்டாம்.

சிவப்புப் புள்ளி தெரிந்தால் அவசரமாக அடித்திருக்கிறீர்கள், இரண்டு மூன்று நாளில் மறையும். மரத்துப்போனால் ரிங் இறுக்கம், அடுத்த பெரிய அளவுக்கு மாறுங்கள். பிடிக்கவே இல்லையென்றால் முடி, ஜெல் குறைவு அல்லது அடிவயிற்றுக் கொழுப்பு காரணம். ரிங் கிடைக்கவில்லை என்று ரப்பர் பேண்ட், இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு எமர்ஜென்சிக்கு ஓடும் நிலை வேண்டாம். இருபுறமும் பிடித்து இழுக்கக் காது வைத்த ரிங்கை வாங்குங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போடுபவர்களும், கிளோபிடோக்ரெல் போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் பம்பைத் தொட வேண்டாம், தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். உறுப்பில் தொடு உணர்ச்சியே குறைந்துபோன சுகர்காரருக்கு ரிங் ஆபத்து, இறுக்கம் அவருக்குத் தெரியாது. விறைப்புக் குறைவு இதய நோய்க்கு முன்னறிவிப்பாகவும் வரும் என்பதால், பம்ப் வாங்கும் முன் சுகர், பி.பி., கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள்.

கழுவ மென்மையான சோப்பு போதும். ஸ்பிரிட் பட்டால் குழாயில் பொடிப்பொடியாய் விரிசல் விழும், வாசலைனும் தேங்காய் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பு படிந்து வால்வு சிக்கிக்கொள்ளும், அதனால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். மே மாத வெயிலில் பரணிலோ கார் டிக்கியிலோ வைக்காதீர்கள். ரிங் நாளடைவில் தளரும். வாங்கும்போதே அதே கம்பெனி ரிங் இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், வேறு கம்பெனி ரிங் அந்தக் கூம்பில் ஏறாமல் போகலாம்.