ஐந்து விரலைக் காட்டி ‘அசல் சில்கி’ என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

பெங்களூரில் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், அல்சூர் பக்கம் மொட்டை மாடியில் ஃபேன்சி கோழி வளர்க்கும் நம் ஆட்கள் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டு போன்ற இறகுள்ள அசல் சில்கிக் கோழி என்று சொல்லி, நாட்டு பேன்டமோடு (குட்டை ரகக் கோழி) சேர்த்த கலப்புக் குஞ்சுகளை எங்கள் தலையில் கட்டிவிட்டார் ஒருவர். ஆளும் தமிழர்தான். நாட்டுக்கோழிக் குஞ்சைப் போலப் பல மடங்கு விலை.

குஞ்சின் காலை விரித்துக் காட்டி, “எண்ணிப் பாருங்கக்கா, அஞ்சு விரல். சாதாக் கோழிக்கு நாலுதான். இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?” என்றார். பெரும்பாலான கோழிகளுக்கு நாலு விரல், சில்கிக்கு ஐந்து என்பது உண்மைதான். டார்க்கிங், ஹூடான் மாதிரி வேறு சில இனங்களுக்கும் ஐந்து உண்டு. பின்பக்கம் இரண்டு விரல் இருக்கும். ஒன்று தரையை ஒட்டி நிற்க, மற்றது மேல்நோக்கி வளைந்திருக்கும்.

அவர் சொல்லாமல் விட்டது இதுதான்: கூடுதல் விரல் ஓங்கு பண்பு. சேவல், பெட்டை இரண்டில் ஒன்று சில்கியாக இருந்தாலே பெரும்பாலான குஞ்சுகளுக்கு அது வந்துவிடும். ஆங்கிலேய மரபியலாளர் வில்லியம் பேட்சன் 1902-லேயே கோழிகளின் கொண்டையையும் இந்தக் கூடுதல் விரலையும் வைத்துத்தான் தாய் தகப்பனின் பண்புகள் வாரிசுக்கு வருவதைச் சொல்லும் மெண்டல் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்டினார். தலைக் குடுமியும் கால் இறகும்கூட ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே தலைகாட்டிவிடும். பட்டு போன்ற இறகு மட்டும் அப்படி வராது, தாய் தகப்பன் இருவருமே கொடுக்க வேண்டும். பொரிந்த புதிதில் எல்லாக் குஞ்சும் பஞ்சு மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் தெரியாது. விற்பவர்களுக்கு அதுவே வசதி.

சில வாரம் போனதும் எங்கள் குஞ்சுகளுக்குச் சாதாரண இறகு முளைத்தது. அப்புறம்தான் கால்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றுக்கு வலது காலில் ஐந்து, இடது காலில் நாலு. இன்னொன்றுக்குப் பின்விரல் ஒன்றே ஒன்று, ஆனால் வழக்கத்துக்கு மேல் நீளம். வேறொன்றுக்கு ஒரே விரலில் இரண்டு நகம். ஆறு விரலோடு ஒரு குஞ்சு இருந்தது, அதை ‘அதிர்ஷ்டக் குஞ்சு’ என்று சொல்லித் தனியாகப் பணம் வாங்கியிருந்தார். தூய சில்கியிலும் எப்போதாவது இப்படி வரும். ஆனால் ஒரே ஈட்டில் இத்தனை விதம் என்றால் கலப்பு என்றே சந்தேகப்படலாம். தோலும் அதையே சொன்னது: பெட்டைகளுக்குக் கறுத்திருந்த தோல், சேவல்களுக்கு வெளுத்திருந்தது. சில்கிச் சேவலைச் சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அதனால் கறுப்புத் தோலை மட்டும் பார்த்தும் நம்பிவிடாதீர்கள்.

போன் செய்து கேட்டால், “நீங்க போட்ட தீவனம் சரியில்ல, அதான் விரல் இப்படி ஆயிடுச்சு” என்கிறார். அப்பட்டமான பொய். பி2 வைட்டமின் குறைந்தால் குஞ்சின் விரல்கள் உள்ளே சுருளும், எண்ணிக்கை மாறாது. எத்தனை விரல் என்பது முட்டைக்குள் இருக்கும் 21 நாளிலேயே முடிந்துபோன விஷயம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு குஞ்சின் காலில் வாங்கும்போதே சின்னப் பொருக்கு இருந்தது. “கூண்டுக் கம்பி கிழிச்சது” என்றார். ஆறாவதாக இருந்த விரலை, கணக்கு ஐந்தாகத் தெரியட்டும் என்று வெட்டியிருக்கிறார். கால் வீங்கிச் சீழ் பிடித்தபிறகு, ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். வெட்டுக் காயம் என்று அங்கேதான் தெரிந்தது. அதற்குள் முற்றிவிட்டது, பிழைக்கவில்லை. அந்த விரலால் அதற்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. சும்மா விட்டிருந்தால் ஓடியாடிக்கொண்டிருக்கும்.

வாங்கப் போனால் தாயையும் தகப்பனையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். போட்டோ காட்டினால் ஏற்காதீர்கள். காட்ட மறுத்தால், இறகு முளைத்து பட்டுத்தன்மை தெரிகிற வயசுக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. இரண்டு காலையும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொருக்கோ தழும்போ இருந்தால், எது வெட்டப்பட்டது என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் கேளுங்கள்.