ஏஐ குழு எங்கே உட்கார வேண்டும்: குன்னூரிலா, இலை நிறுக்கும் இடத்திலா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைக் கொள்முதல் நிலையம் ஒன்றில் தராசுக்கு மேல் கேமரா மாட்டியிருக்கிறோம். சாக்கைக் கொட்டினால் கொழுந்து எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். போன ஐப்பசி மழையில், ஈரத்தில் பளபளத்த நல்ல கொழுந்தை அது முற்றியது என்றது. "தம்பி, இதைச் சொன்னது யாரு?" என்று கேட்டார் இலை கொண்டுவந்தவர். எடை போடும் பையன் திரையைக் காட்டினான். திரைக்கு யார் பொறுப்பு என்று அவனுக்கும் தெரியாது.

ஒரு பேக்டரியில் சோதித்துப் பார்க்கும்வரை இந்தக் கேள்வி வராது. எல்லா பேக்டரிக்கும் கொண்டுபோகும்போதுதான் வரும்.

ஏஐ குழுவை வைக்க மூன்று வழி உண்டு. முதல் வழி, எல்லாம் குன்னூர் தலைமை அலுவலகத்தில். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. டேட்டா வேலை தெரிந்தவர்கள் மலையில் தங்குவதே அபூர்வம். இருக்கிற நாலு பேரைப் பிரித்துப் போட்டால் எங்கும் ஆள் இருக்காது. விவசாயியின் பெயர், வங்கிக் கணக்கெல்லாம் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அவை ஒரே இடத்தில் இருப்பது நல்லது. ஆனால் குந்தா, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரிக்கு வடகிழக்குதான் முக்கியம். ஒரு பக்கத்து இலைப் படங்களை வைத்துப் பழக்கிய மாடல் மறுபக்கத்தில் தடுமாறும். எங்கள் புகாருக்குக் குன்னூரிலிருந்து மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த இலை அன்று சாயங்காலமே வாட்டும் தொட்டிக்குப் போய், தூளாகியும்விட்டது.

இரண்டாவது, பேக்டரிக்கு ஒரு குழு. வேகம் உண்டு. ஆனால் ஒரே சாக்கில் கொழுந்து ஒரு பேக்டரியில் ஓர் அளவு, பக்கத்து பேக்டரியில் வேறு அளவு என்று வந்தால், நம் ஆடிட்டருக்கு முன்னால் விவசாயி கண்டுபிடித்துவிடுவார். எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை.

மூன்றாவது கூட்டாட்சி. இது மலைக்குப் புதிதில்லை. 1965-ல் தொடங்கிய, சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு இணையமான இன்கோசர்வின் கீழ் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள்; ஒவ்வொன்றும் தனிச் சங்கம், விற்பனைக்கு மேலே இணையம். அதேபோல் கேமரா வாங்குவது, தரவு, சோதனை விதி ஆகியவை மையத்தில் இருக்கட்டும். அன்றாட முடிவு பேக்டரியில். இதற்கும் ஒரு நோய் உண்டு: எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும். பொறுப்பாளர் பெயரை எழுதிவைக்காத கூட்டாட்சியைவிட மையக் குழுவே மேல்.

ஏஐ திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் நிர்வாகக் குழு விஷயம் சுருக்கமாக. எல்லாத் திட்டமும் ஒரே கமிட்டிக்குப் போனால் டிரையர், அதாவது இலை உலர்த்தும் எந்திரம், பழுதாவதை முன்கூட்டிச் சொல்லும் கருவிகூட ஆறு மாதம் தூங்கும். யார் பணத்தைத் தொடுகிறது என்று பார்த்துப் பிரிக்கலாம். டிரையர் பேக்டரிக்குள் முடிகிற விஷயம். இலைத் தரம் அடுத்தவர் வீட்டு அடுப்பைத் தொடுகிறது. அதற்குத்தான் கெடுபிடி வேண்டும். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஏஐ சட்டம், அதிக ஆபத்துள்ள கருவிகளைக் கண்காணிப்பவருக்குத் தகுதி, பயிற்சியோடு அதிகாரமும் தரச் சொல்கிறது. நம் தராசு அந்தப் பட்டியலில் வராது. இருந்தாலும் 'அதிகாரம்' என்ற சொல் இங்கும் பொருந்தும். எடை போடும் பையனிடம் பயிற்சி இருந்தது, நிறுத்தும் அதிகாரம் இல்லை.

அதனால் நான் எழுதிக் கொடுத்தது மூன்றாவது வழிதான், ஒரு திருத்தத்தோடு: சந்தேகம் வந்தால் கேமராவை அணைத்துவிட்டு, ஒரு பிடி இலையைக் கையால் பிரித்து எண்ணும் உரிமை நிலையத்துக்கு. படமும் அந்தப் பிடி இலையும் தகராறு தீரும்வரை பத்திரமாக இருக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து, பேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருடையது.

டீமேக்கர் தயார். கூடுதல் பொறுப்புக்கு ஒரு இன்கிரிமென்ட் கேட்கிறார், நியாயம்தான். கோப்பு குன்னூரில் இருக்கிறது.