பைபாஸா, ஸ்டென்டா? சர்க்கரை இருந்தால் கணக்கே வேறு

ஆஞ்சியோ படத்தைக் காட்டி, இருதயத்தின் மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு என்றார் டாக்டர். அப்பா கேட்ட முதல் கேள்வி, "நெஞ்சைப் பிளக்காமல் முடியாதா?" மாமா ஸ்டென்ட் வைத்துக்கொண்ட சில நாளிலேயே சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் கோப்பி ஓ கோசோங் குடித்ததை அவர் பார்த்திருக்கிறார்.

ஸ்டென்டில் அந்த வசதி உண்டு. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பை பலூனால் விரித்து, வலைக்குழலை வைத்துவிடுவார்கள். ஓரிரு நாளில் வீடு. மாரடைப்பு வந்தேவிட்டால் யோசிக்க நேரமில்லை, உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் ஸ்டென்ட்தான்.

அப்பாவுக்கு யோசிக்க நேரம் இருந்தது. இருபது வருடச் சர்க்கரையும் இருந்தது. ஸ்டென்ட் வைத்த இடம்தான் சரியாகும். சர்க்கரைக்காரருக்கு அதே குழாயில் சற்றுத் தள்ளி இன்னொன்று அடைக்கலாம். பைபாஸ் அடைப்பைத் தொடுவதே இல்லை. அதைத் தாண்டி ரத்தத்துக்குப் புது வழி போடுகிறது. அதனால் அந்த வழிக்கு முன்னால் நாளை வரும் அடைப்புக்கும் அதுவே காப்பு. நெஞ்சின் உட்பக்கத் தமனியை வைத்து அந்த வழியைப் போட்டால் பெரும்பாலானோருக்குப் பத்தாண்டு கழித்தும் திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரை அந்த அளவு உழைக்காது.

2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு, சர்க்கரையும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரைப் பற்றியது. ஐந்தாண்டுக்குள் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 26.6 சதவீதம், பைபாஸ் பிரிவில் 18.7. பக்கவாதம் மட்டும் தலைகீழ்: பைபாஸில் 5.2, ஸ்டென்டில் 2.4. முன்பே பக்கவாதம் வந்தவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

சிங்கப்பூரில் நம் இந்தியர்களிடம் சர்க்கரை அதிகம். அதனால்தான் "சின்னக் காயம் போதும்" என்று வீட்டில் அவசரப்படும்போது எனக்குப் பதறுகிறது.

பைபாஸ் லேசான காரியமில்லை. அப்பா இரண்டு மாதம் இருமும்போதெல்லாம் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வார். கட்டிலிலிருந்து எழ கையை ஊன்றக் கூடாது என்பதால், அம்மா முதுகைத் தாங்கி எழுப்புவார். நெஞ்செலும்பைவிட, சிரை எடுத்த காலின் தையல்தான் அவரை அதிகம் படுத்தியது.

செலவுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீடு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு இரண்டும் கைகொடுக்கும். அறுவைக்கு முன்பே மருத்துவமனையின் சமூக சேவகரைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், இருதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உங்கள் படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நாங்கள் கேட்டோம். அதற்குப் பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார்.