கடைசி இடம் யாருக்கு? பாடப்பதிவு முறைகள் ஓர் ஒப்பீடு

இறுதியாண்டில் பட்டத்துக்கு எனக்கு ஒரே ஒரு பாடம்தான் பாக்கி இருந்தது. காலை ஏழு மணிக்குப் பதிவு தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஆறே முக்காலுக்கே நூலகக் கணினி முன் உட்கார்ந்துவிட்டேன். ஏழு அடித்ததும் பக்கம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் திறந்தபோது 'மீதமுள்ள இடங்கள்: 3' என்று காட்டியது. பாட எண்ணைத் தட்டி அனுப்பினேன். 'முன்தேவைப் பாடம் முடிக்கப்படவில்லை' என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. அந்தப் பாடத்தை வேறொரு கல்லூரியில் முடித்து, அதற்கான கிரெடிட்டையும் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) மாற்றி வாங்கியிருந்தேன். மதிப்பெண் பட்டியலில் அது ஏறியிருந்தது. பதிவு மென்பொருளில் மட்டும் ஏறவில்லை. அதைச் சரிசெய்யக்கூடிய அலுவலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். ஒன்பது மணிக்கு அந்த 3, 0 ஆகியிருந்தது. பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது.

அதனால் எந்தக் கல்லூரியின் பதிவு விதிகளைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: வகுப்பில் மிஞ்சியிருக்கும் கடைசி இடம், அது யாருக்கு மிகவும் தேவையோ அவரிடம் போய்ச்சேர வழி இருக்கிறதா?

முந்தி வருபவருக்கே இடம் என்பது பரவலான முறை. நடத்துவது எளிது, விளக்கம் தேவையில்லை. ஆனால் அது அளப்பது இணைய வேகத்தையும், அந்த நேரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஓய்வையும்தான். இரவு வேலை முடித்துத் திரும்புபவரும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவரும் அந்த ஐந்து நிமிடங்களைத் தவறவிடுகிறார்கள்.

இதன் கூர்மையைக் குறைக்கவே பல கல்லூரிகள், முடித்த கிரெடிட்டுகளின் அடிப்படையில் மூத்தவர்களுக்கு முதல் நாளை ஒதுக்குகின்றன. இதை நான் பாதிதான் ஏற்கிறேன். இறுதியாண்டு மாணவருக்குக் கட்டாயப் பாடம் கிடைத்தாக வேண்டும், சரி. அதே முன்னுரிமையை வைத்து அவர் பொழுதுபோக்காக எடுக்கும் விருப்பப் பாடத்தையும் அள்ளிக்கொள்ள, முதலாண்டு மாணவர் தன் அடிப்படைப் பாடத்துக்கே அலைகிறார். கட்டாயப் பாடத்துக்கு மட்டும் மூப்பு, மற்றவற்றுக்கு வேறு வழி என்று பிரிப்பதே நியாயம். உடல்நலக் காரணத்தால் சில வேளைகளில் மட்டுமே வகுப்புக்கு வரக்கூடியவர்களுக்குத் தரப்படும் முன்பதிவு வேறு. அதைச் சலுகை என்று சொல்வதே தவறு.

குலுக்கல் முறை விரல் வேகத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது நல்லது. ஆனால் அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் எண் விழுந்தவர் தன் ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டபின் இரண்டாமவர் வரலாம். அல்லது ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒரு பாடமாக எடுக்கலாம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் இரண்டாவது வகையைக் கையாண்டார்கள்; முதல் சுற்றில் கடைசியாக வந்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். பொருளியலாளர்கள் எரிக் புடிஷும் எஸ்டெல் கான்டியோனும் அந்த மாணவர்களின் விருப்பங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை என் எண்ணத்தை மாற்றியது. கூட்டம் சேரும் பாடங்களை மாணவர்கள் தந்திரமாகத் தங்கள் விருப்பப் பட்டியலில் மேலே ஏற்றினார்கள். அதனால் இழப்பும் இருந்தது. அப்படியிருந்தும், ஒரே மூச்சில் எடுக்கும் குலுக்கலைவிட இந்தச் சுற்று முறையே மாணவர்களுக்குச் சராசரியில் நல்ல பலனைத் தந்தது. காரணம் எளியது. அதிர்ஷ்டசாலி தன் ஐந்தாவது விருப்பத்தை எடுக்கும்போது, அது இன்னொருவரின் முதல் விருப்பம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் விட்டுக்கொடுக்க முறையில் இடமில்லை. அவருக்கு அற்ப லாபம், மற்றவருக்கோ பெரிய நட்டம்.

ஏலம் இன்னொரு வழி. எல்லோருக்கும் சமமான புள்ளிகள். வேண்டிய பாடத்துக்கு அதிகம் வைக்கலாம். தேவையின் அளவைச் சொல்ல வாய்ப்புக் கிடைப்பதால் முதலில் எனக்கு இதுவே பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், வைக்கும் புள்ளி விருப்பத்தை மட்டும் காட்டுவதில்லை. மற்றவர்கள் எவ்வளவு வைப்பார்கள் என்ற ஊகத்தையும் காட்டுகிறது. உயிராக நினைக்கும் பாடத்துக்குப் போட்டி இருக்காது என்று நம்பிக் குறைவாக வைத்தவர் அதை இழக்கிறார். மிஞ்சிய புள்ளிகளால் அவருக்குப் பயனில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் நிர்வாகவியல் பள்ளி இந்த ஏலத்தை விட்டு, 2013இல் புடிஷின் ஆய்வை அடிப்படையாகக் கொண்ட 'கோர்ஸ் மேட்ச்' முறைக்கு மாறியது. அதில் மாணவர் ஒவ்வொரு பாடத்துக்கும் தனக்குள்ள மதிப்பை மட்டும் சொன்னால் போதும். விலையைக் கணினி கணக்கிட்டு, எல்லோருக்கும் ஏறத்தாழச் சமமாகத் தரப்படும் புள்ளிகளுக்குள் அவருக்குக் கட்டுப்படியாகும் சிறந்த பாடத்தொகுப்பைத் தருகிறது. ஊகிக்கும் சுமை மாணவர் தலையிலிருந்து இறங்குகிறது. சிறிய கல்லூரிக்கு இவ்வளவு ஏற்பாடு கட்டுப்படியாகாது. அங்கே சுற்று முறையே போதும்.

எப்போது பதிவது என்பதிலும் இரு கட்சி உண்டு. வகுப்புகளில் சில நாள் உட்கார்ந்து பார்த்தபின் முடிவெடுக்கும் 'ஷாப்பிங் வாரம்' ஹார்வர்டு கல்லூரியில் நெடுங்காலம் இருந்தது. அதைக் கைவிட்டு முந்தைய செமஸ்டரிலேயே பதிவது என்று 2022இல் அங்குள்ள ஆசிரியர்கள் வாக்களித்தார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் உதவி ஆசிரியர்களை நியமிக்க முடியாது என்ற வாதம் வலுவானது. முன்பதிவு இருக்கட்டும், ஆனால் பாடத்தை மாற்றிக்கொள்ள முதல் இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குப் பிறகு விலகினால் மதிப்பெண் பட்டியலில் விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' விழக்கூடும், கட்டணமும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். அமெரிக்காவில் இளநிலை மாணவருக்கு முழுநேரம் என்பது பொதுவாக 12 கிரெடிட். அதற்குக் கீழே இறங்கினால் உதவித்தொகைக்கே சிக்கல் வரலாம்.

மாணவர்கள் அதிகம் கவனிக்காதது காத்திருப்புப் பட்டியல். சில இடங்களில் இடம் காலியானதும் மென்பொருளே அடுத்தவரைச் சேர்த்துவிடும். வேறு சில இடங்களில் மின்னஞ்சல் வரும். குறித்த நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். இன்னும் சில இடங்களில் பேராசிரியரின் கையெழுத்து வேண்டும். நான் முதல் வகையையே தேர்வேன், ஒரு நிபந்தனையோடு: 'இது கிடைத்தால் மட்டும் அதை விடு' என்ற மாற்றுப் பதிவும் சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், கையிலிருக்கும் பாடத்தின் நேரமும் காத்திருக்கும் பாடத்தின் நேரமும் மோதினால், மென்பொருள் சத்தமில்லாமல் உங்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடக்கூடும். பட்டியலில் முதல் ஆளாக இருந்துகொண்டே இடத்தை இழந்த மாணவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது தெரியவந்தது வகுப்பு தொடங்கி நான்கு நாள் கழித்துத்தான்.