பிரிட்டனின் 127, இந்தியாவின் 66ஏ

'மிகவும் புண்படுத்தும்' செய்தி அனுப்பினால் குற்றம் என்று இரு நாடுகளும் சட்டம் போட்டன. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 127ஆவது பிரிவு: 6 மாதம் வரை சிறை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ: 3 ஆண்டு வரை.

பிரிட்டன் ஜனநாயகம், குடியரசல்ல. ஆனால் இந்த இரு பிரிவுகளின் கதி வேறானதற்கு மன்னர் காரணமல்ல. அங்கே நாடாளுமன்றமே உச்சம். ஒரு சட்டம் மனித உரிமைக்கு முரண் என்று நீதிமன்றம் அறிவித்தாலும், நாடாளுமன்றம் மாற்றும்வரை அது செல்லும்.

இந்தியக் குடியரசில் எழுதப்பட்ட அரசியலமைப்பு மேலே நிற்கிறது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அதன் 19(2) பிரிவு அனுமதிக்கும் காரணங்களில் 'புண்படுத்துவது', 'எரிச்சலூட்டுவது' இல்லை. அதனால் 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ-வை அடியோடு ரத்து செய்தது. இந்த ஏற்பாடே மேல். ஆனாலும் காவல் நிலையங்கள் அந்தச் செத்த பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. 2022இல் மறுபடி உத்தரவு தேவைப்பட்டது. முதல் தகவல் அறிக்கையில் 66ஏ இருந்தால், அதை நீக்கக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம்.