மாங்கூழ் ஆபீஸில் ஏஐ: எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆபீஸ் வேலை என் பொறுப்பு. கடிதம், பில், வங்கி, ஜிஎஸ்டி என எல்லாம் என் மேசைக்கு வரும். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐ.டி. பிரிவு என்றெல்லாம் எங்களுக்குக் கிடையாது. போன வருஷ சீசனுக்கு முன்பிருந்தே மாதச் சந்தா கட்டி ஒரு ஏஐ சாட்பாட் வைத்திருக்கிறோம். நடுவில் வேறு கம்பெனியுடையதற்கும் மாறிப் பார்த்தோம். பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்களைப் போன்ற இடத்துக்கு இது பிரயோஜனமா என்று கேட்டால், ஆமாம். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற கடிதங்களில் முன்பு பாதி நாள் போய்விடும். இப்போது அரை மணி நேரத்தில் முடிகிறது. 215 கிலோ அசெப்டிக் (கிருமி நீக்கி அடைக்கும்) டிரம், 3.1 கிலோ டின், பிரிக்ஸ் எனும் இனிப்பு அளவு, புளிப்புத் தன்மை எல்லாவற்றையும் கொடுத்தால் சரக்கு விவரத்தாளை அழகாக அடுக்கித் தருகிறது. வாங்குகிற கம்பெனி அனுப்பும் நீளமான தரப் படிவத்தில் ஒரு கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று விளக்கச் சொன்னால், பொறுமையாகச் சொல்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ஊர் விவரம் கேட்டால் கதை வேறு. எங்களுக்குப் பழம் போடுகிறவர்கள் பலர் போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம். தோட்டங்கள் இருக்கும் பகுதி பற்றி ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன். போச்சம்பள்ளியைத் தெலங்கானாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டுச்சேலை நெய்ய வைத்துவிட்டது! அங்கேயும் அதே பெயரில் ஊர் இருக்கிறது, பட்டுக்குப் பேர்போன ஊர். தமிழ்நாட்டில் இருப்பது என்று திருத்தினேன். உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு, தர்மபுரி மாவட்டம் என்று எழுதியது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய காகிதங்களில் தர்மபுரி என்றுதானே இருக்கும். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் பழம் எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஆவணத்தில் ஊர் மாறிப் போயிருந்தால், வாங்குகிறவரின் ஆடிட்டர் சிரிக்க மாட்டார்.

லாரி டிரைவர்களின் வாய்ஸ் மெசேஜை எழுத்தாக்கக் கொடுத்ததையும் நிறுத்திவிட்டோம். வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து ஆட்கள் ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து பேசுவார்கள். 'ஏழே முக்கால் டன்' என்றது ஏழாக வந்து நின்றது. முக்கால் டன் பழத்துக்கு யார் பதில் சொல்வது?

இதைவிடப் பெரிய விஷயம் மெயில். எங்கள் தொழிலில் உள்ள பயமே அதுதான். சரக்கு கொடுக்கிறவர் பெயரில் ஒரு மெயில் வரும்: 'எங்கள் பழைய வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை பணத்தை இந்தக் கணக்குக்குப் போடுங்கள்.' எங்கள் பெயரில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் இப்படிப் போகலாம். முன்பெல்லாம் இங்கிலீஷ் கோணல்மாணலாக இருக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். இப்போது திருடனும் ஏஐ வைத்துத்தான் எழுதுகிறான். மொழி சுத்தமாக இருக்கிறது, மரியாதையாக இருக்கிறது, பழைய பில் நம்பர்கூடச் சரியாக இருக்கிறது.

அசெப்டிக் பை சப்ளை செய்பவர் பெயரில் அப்படி ஒன்று வந்தது. ஏஐயிடம் மெயிலை அப்படியே கொடுத்து, உண்மையானதா என்று கேட்டேன். நடை தொழில்முறையாக இருக்கிறது, கையெழுத்துப் பகுதி சரியாக இருக்கிறது, நம்பத்தகுந்ததாகத் தெரிகிறது என்றது. 'இல்லையே, போலி மாதிரி இருக்கிறதே' என்று சும்மா போட்டுப் பார்த்தேன். 'நீங்கள் சொல்வது மிகச் சரி' என்று ஆரம்பித்து, அது போலி என்பதற்கு ஐந்து காரணம் அடுக்கியது. முதலில் நல்லது என்று சொன்ன நடையே இப்போது சந்தேகத்துக்குக் காரணமாகிவிட்டது. நாம் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கமே சாய்கிறது. இந்தக் குணம் ஊருக்கே தெரிந்ததுதான். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, அதன் ஒரு புதிய பதிப்பு அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த மெயிலைப் பிடித்தது எங்கள் கணக்கு பார்க்கும் அக்கா. 'அவங்க எப்பவும் பில்லுலயே கணக்கு நம்பர் போட்டு அனுப்புவாங்க சார், தனியா மெயில் போட்டதே இல்ல' என்றார். பழைய நம்பருக்கு ஒரு போன், விஷயம் முடிந்தது. பிறகு முகவரியை உற்றுப் பார்த்தால் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. இத்தனைக்கும் முகவரியையும் சேர்த்துத்தான் ஏஐயிடம் கொடுத்திருந்தேன்.

இதில் அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதும் இயந்திரம் அது. அக்காவுக்குத் தெரிந்த பழக்கவழக்கம் அதற்குத் தெரியாது, போன் போட்டு விசாரிக்கவும் முடியாது. சரியாகச் சொல்லும்போதும் தப்பாகச் சொல்லும்போதும் ஒரே குரல் என்பதுதான் என் பிரச்சினை. தடுமாறிப் பேசுகிற ஆளைச் சந்தேகப்பட நமக்குத் தெரியும். இது தடுமாறுவதே இல்லை.

சட்ட விவரத்திலும் இதே கதைதான். சைபர் தாக்குதல் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, 72 என்றது. அது ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டத்தின் கணக்கு. இந்தியாவில் செர்ட்-இன் என்ற அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உத்தரவின் பிடிஎஃப்பையே கொடுத்து, 'இதில் எந்த வரியில் இருக்கிறது, காட்டு' என்று கேட்டபோது சரியாக எடுத்துக் கொடுத்தது. அதிலிருந்து எங்கள் பழக்கம் இதுதான்: ஆவணம் கையில் இல்லாமல் சட்டக் கேள்வி கேட்பதில்லை.

அப்புறம், நாம் அதற்குள் என்ன போடுகிறோம் என்பது. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி, விவசாயிகளின் பெயர், வங்கிக் கணக்கு, ஆதார் நம்பர் எல்லாம் இருந்த பட்டியலை அகரவரிசையில் அடுக்க இலவச சாட்பாட் ஒன்றில் போடப் போனான். நல்லவேளை, அனுப்புவதற்குள் நிறுத்தினோம். அவனைத் திட்டி என்ன செய்வது? 2023-ல் சாம்சங் ஊழியர்களே கம்பெனியின் ரகசிய நிரலை சாட்ஜிபிடியில் போட்டு, நிர்வாகம் தடை போடும் அளவுக்குப் போனது. நம்பி நம்பரைக் கொடுத்த சந்தூர் விவசாயிக்கு இப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு அந்த எண் கற்பனைக்கே எட்டாதது. ஆனால் விவசாயியின் நம்பிக்கை போனால் அடுத்த சீசனில் பழம் வராது, அது நன்றாகவே எட்டும்.

மெயில் பெட்டியை ஏஐயோடு இணைக்கும் வசதியைக் கொஞ்ச நாள் வைத்திருந்து எடுத்துவிட்டோம். 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டின் ஆபீஸ் மென்பொருளோடு வரும் ஏஐயான 365 கோபைலட்டில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள், எக்கோலீக் என்று பெயர். வெளியிலிருந்து வரும் மெயிலுக்குள் ஏஐக்கான கட்டளையை ஒளித்து வைத்தால் போதும். நாம் வேறு ஏதோ கேட்கும்போது அது அந்த மெயிலையும் சேர்த்துப் படித்து, உள்ளே இருக்கும் தகவலை வெளியே கொண்டுபோய்விடலாம். எதையும் கிளிக் செய்யவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துவிட்டது. ஆனாலும் படிக்கச் சொன்னது எது, செய்யச் சொன்னது எது என்று பிரித்துப் பார்க்க ஏஐ தடுமாறும் குணம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெட்டியில்தான் எங்கள் விலை விவரம் முழுக்க இருக்கிறது.

சரி, இதற்கெல்லாம் ஒரு விதிமுறை எழுதுவோம் என்று அதையே கேட்டேன். பல பக்கத்துக்கு எழுதித் தந்தது. 'தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒப்புதல் அளிக்க வேண்டும்' என்று இருந்தது. எங்கள் ஆபீஸில் அந்தப் பதவிக்கு ஆள் தேடினால் டீ வாங்கப் போகும் தம்பியைத்தான் நியமிக்க வேண்டும். எல்லாவற்றையும் வெட்டி ஒரே பக்கமாக்கினோம். வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும் பழைய நம்பருக்குப் போன். ஆட்களின் அடையாள விவரம் சாட்பாட்டுக்குள் போகக் கூடாது. ஏஐ எழுதிய எதுவும் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன்.

கையெழுத்தில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான தகவல் சொன்ன வழக்கில், சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற ரீதியில் கம்பெனி வாதாடியது. 2024-ல் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இன்னும் தீராத தலைவலி ஒன்று. செர்ட்-இன் உத்தரவுப்படி கம்ப்யூட்டர், ரூட்டரில் எப்போது என்ன நடந்தது என்ற பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். எங்கள் இணைய இணைப்புக்காரர் மாட்டிவிட்ட ரூட்டர், கரண்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. சீசனில் ஒரு மழை போதும், கரண்ட் போய்விடும். பதிவுகளைச் சேமிக்க ஒரு பழைய கம்ப்யூட்டரை யுபிஎஸ்ஸோடு தனியாக வைக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அதன் விலையை ஏஐ சந்தாவோடு ஒப்பிட்டுக் கேட்டார். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்.