‘சீட் நம்பர் அங்கே போனால்தான் தெரியும்’: காரைக்குடிக்காரர்கள் கொஞ்சம் படியுங்கள்

நேற்றுக் காலை, எனக்குப் போலி டிக்கெட் விற்ற அந்த டூர்க்காரத் தம்பியின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் புதிதாக ஒரு படம். ஏதோ ஒரு வெளிநாட்டு ராக் இசைக்குழு, புது ஆல்பம், இந்தியச் சுற்றுப்பயணம். ‘டிக்கெட், ரயில், ரூம் எல்லாம் சேர்த்து, நம்ம காரைக்குடியில் இருந்தே’ என்று மஞ்சள் எழுத்து. கீழே அதே போன் நம்பர். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன்.

செக்காலைப் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரின்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பற்று வரவு எழுதாமல் அந்த வீட்டில் ஓர் அணா கை மாறாது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். அவர் மகன்தான் ரசீது இல்லாமல் 36,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கோல்ட்ப்ளே என்ற இங்கிலாந்து இசைக்குழு என்றால் உயிர். கடையில் எனக்கு உதவிக்கு உட்காரும்போதும் காதில் அதுதான் ஓடும். எனக்கு அந்தப் பாட்டு பெரிதாகப் பிடிபடவில்லை, அது வேறு விஷயம். 2021 அக்டோபரில் ‘மியூசிக் ஆஃப் த ஸ்பியர்ஸ்’ ஆல்பம் வந்தது, 2022 மார்ச்சில் கோஸ்டாரிகாவில் சுற்றுப்பயணம் ஆரம்பித்தது, இத்தனை ஊர் சுற்றிவிட்டு இப்போதுதான் நம் நாட்டுக்கு வருகிறார்கள், 2024 அக்டோபரில் ‘மூன் மியூசிக்’ என்று இன்னொரு ஆல்பமும் வருகிறது, அந்தப் புதுப் பாட்டும் மேடையில் இருக்கும் என்றெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மும்பை நிகழ்ச்சிக்கான டிக்கெட் 2024 செப்டம்பர் 22 மதியம் 12 மணிக்குத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை. கடைக் கம்ப்யூட்டர், என் போன், அவள் போன் மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு பதினோரு மணிக்கே உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஏழு லட்சத்துச் சொச்சம் பேர். அன்றைக்கு 1.3 கோடிப் பேர் முயன்றதாக டிக்கெட் விற்ற புக்மைஷோவே பிறகு சொன்னது. கொஞ்ச நேரத்தில் வேறு தளங்களில் அதே டிக்கெட் லட்சக்கணக்கில் விலை பேசப்பட்டது. நவம்பர் 16-ல் அகமதாபாத் நிகழ்ச்சிக்குத் திறந்தார்கள். அதிலும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை பிள்ளை.

இந்த இடத்தில்தான் தம்பி வருகிறார். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மாடியில் அறை போட்டு டூர் நடத்துகிறவர். திருப்பதி, சபரிமலை, காசி. எங்கள் அப்பத்தாவைக் காசிக்கு அழைத்துப்போய் நல்லபடியாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர். ஆகவே நான் சந்தேகமே படவில்லை. அவருடைய நோட்டீஸ் எல்லாம் என் கடையில்தான் அடிப்பார்.

“அண்ணே, பாப்பாவுக்கு இன்ஃபினிட்டி டிக்கெட் இருக்கு. ஒண்ணு பதினெட்டாயிரம். ஜோடியாத்தான் வரும், நீங்களும் கூடப் போயிட்டு வாங்க.”

இந்த இன்ஃபினிட்டி டிக்கெட் நிஜமாகவே உண்டு. அதுதான் வினை. வசதி இல்லாதவர்களும் வரட்டும் என்று இசைக்குழுவே குறைந்த விலையில் கொஞ்சம் டிக்கெட் ஒதுக்குகிறது. இந்தியாவில் அதன் விலை 2,000 ரூபாய், நவம்பர் 22-ல் விற்றார்கள். ஒருவருக்கு இரண்டுதான், இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடம். எந்த இடம் என்பது நிகழ்ச்சி நாளில் கவுண்டரில் வாங்கும்போதுதான் தெரியும். மேடைக்கு முன்னாலும் இருக்கலாம், உச்சி வரிசையிலும் இருக்கலாம்.

ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வாகான சரக்கு கிடைக்காது, பாருங்கள். சீட் நம்பர் எங்கே தம்பி என்றால், அங்கே போனால்தான் தெரியும் அண்ணே என்பார். அது உண்மையும்கூட. 2,000 ரூபாய் டிக்கெட்டுக்கு ஏன் 18,000 என்று நான் கேட்கவே இல்லை. கேட்பதற்கு அந்த விலை எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! மகளுக்குத் தெரியும். அவளிடம் நான் என்ன கொடுத்தேன் என்று சொல்லவில்லை.

ஜிபேயில் 20,000 அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. “நம்ம பார்ட்னர்ண்ணே” என்றார். மீதி 16,000 கையில் ரொக்கம். இரண்டு நாளில் பி.டி.எஃப். வந்தது. நல்ல ஆர்ட் பேப்பரில் கலரில் நானே இரண்டு பிரதி எடுத்து, மூலை மடங்காமல் ஃபைலில் வைத்தேன். போலி டிக்கெட்டை இவ்வளவு பதவிசாக அச்சடித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 22 விடிகாலை பல்லவனில் எழும்பூர். மறுநாள் சென்ட்ரலிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் ரயில். விஜயவாடா தாண்டியதும் மகள் இரண்டு தாளையும் மடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, ரெண்டுலயும் ஒரே கியூஆர் கோடுப்பா” என்றாள். தினமும் நூறு ஹால்டிக்கெட் அடிக்கிறவன் நான், எனக்கு அது கண்ணில் படவில்லை. உடனே போன் போட்டேன். “ஜோடி டிக்கெட்டுண்ணே, அதான் ஒரே கோடு” என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மகள் ஒன்றும் சொல்லாமல் தாளை ஃபைலுக்குள் வைத்தாள்.

25-ஆம் தேதி மதியமே மொட்டேரா ஸ்டேடியம். ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் கொள்ளும் இடம், வெளியே எங்கு திரும்பினாலும் தலை. கவுண்டரில் இருந்த பெண் எண்ணை அடித்துப் பார்த்தாள். இன்னொரு முறை அடித்தாள். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினாள். பிறகு யார் பெயரில் பதிவு, அவருடைய அடையாள அட்டை எங்கே என்று கேட்டாள். தாளில் இருந்தது முன்பின் தெரியாத ஒரு பெயர். அந்த எண்ணில் பதிவே கிடையாது என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டாள். அவள் கோபப்படவில்லை. அன்றைக்கு இப்படி எத்தனை பேரைப் பார்த்தாளோ.

தம்பிக்கு அடித்த போன் போகவில்லை.

இருட்டும்வரை மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்தம் எழும்பியது. சுவருக்கு மேலே வானம் ஊதாவாகி, பச்சையாகி, மறுபடி ஊதாவாயிற்று. மகள் அழவில்லை. “டீ குடிக்கலாமாப்பா” என்றாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

திரும்பும் ரயில் 27-க்குத்தான். 26-ஆம் தேதி நிகழ்ச்சியை ஹாட்ஸ்டாரில் நேரலையாகக் காட்டினார்கள். லாட்ஜ் அறையில், வீட்டிலிருந்து கொண்டுபோன சீப்புச் சீடை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து இரண்டு பேரும் பார்த்தோம். கூட்டத்தில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை மின்னியது. பும்ராவைத் திரையில் காட்டினார்கள், நான் கை தட்டினேன். காரைக்குடியில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம்.

ஊருக்கு வந்து அவருடைய மாடிக்குப் போனேன். ஓடிப்போகவெல்லாம் இல்லை, நாற்காலியில்தான் இருந்தார். “எனக்கும் மேல ஒருத்தன் இருக்காண்ணே, அவன் என்னையும் ஏமாத்திட்டான். சித்திரைக்குள்ள தர்றேன்” என்று 5,000 ரூபாயைக் கையில் வைத்தார். தெரிந்த பையன் என்று நானும் பத்து நாள் பொறுத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், போன பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் சொன்னபோது அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. ரொக்கமாகக் கொடுத்த 16,000-க்கு என் வாய் ஒன்றுதான் சாட்சி.

இப்போது சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. ஜிபே விவரம், வாட்ஸப் பேச்சு, அந்த இரண்டு அழகான தாள் எல்லாம் கட்டியாகிவிட்டது. மனு நடப்பதால்தான் இங்கே பெயர் போடவில்லை. மஞ்சள் எழுத்து ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களுக்கு யார் என்று புரிந்திருக்கும்.

எனக்கு முன்பே இவரிடம் பணம் கட்டிவிட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருப்பவர்கள் நாலைந்து பேராவது ஊரில் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கையில் இருக்கிற எந்தத் துண்டுச் சீட்டாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், சேர்ந்து போடலாம். மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை சாப்பாட்டுக்குப் போயிருப்பேன், மற்ற நேரம் இருப்பேன். ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம்.